பெருமிதமும் நகையும்

நுழையுமுன்

பணிக்குச் செல்லும் மனிதர் விழித்திருக்கும் பொழுதின் பெரும்பகுதி பணியிடத்தில் கழிகிறது. அங்கே பெறும் ஊதியம் இல்லத்தைக் காக்கிறது. உள்ளத்தைக் காப்பது எது? உடன் பணிபுரிவோர் தரும் மதிப்பா, செய்து முடித்த வேலை தரும் நிறைவா, இடையிடையே எழும் சிரிப்பா? இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைத் திருவண்ணாமலையின் சமையற்கூடம் ஒன்றையும் தேர்வீதியையும் சான்றாகக் கொண்டு ஆராய்கிறது இக்கட்டுரை.

விடியுமுன் தொடங்கிய வேலை

திருவண்ணாமலை என்றவுடன் மலையும், கோபுரமும், கார்த்திகைத் தீபமும் நம் நினைவுக்கு வரும். அவ்வூரின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத இடம் ஒன்று உண்டு. அது மலையடிவாரத்தில் உள்ள இரமணாசிரமத்தின் பழைய சமையற்கூடம். 1879ஆம் ஆண்டு திருச்சுழியில் பிறந்து, 1896ஆம் ஆண்டு திருவண்ணாமலைக்கு வந்து, 1950இல் மறையும்வரை அவ்வூரைவிட்டு நீங்காதிருந்தவர் இரமணர். அவரை ஞானியாக உலகம் அறியும். காய் நறுக்குபவராக, சட்டினி அரைப்பவராக, குழம்பின் பக்குவம் சொல்பவராக அவரை அறிந்தவர்கள், அவரோடு அடுப்படியில் நின்றவர்கள்.

1922க்குப் பின் மலையடிவாரத்தில் ஆசிரமம் உருப்பெற்றது. தொடர்ந்து பல ஆண்டுகள், விடியுமுன் எழுந்து சமையற்கூடத்துக்குச் செல்வதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். அங்கே பணிபுரிந்தோருள் பலர் கணவரை இழந்த பெண்கள். அக்காலச் சமூகம் அவர்களுக்கு வீட்டின் மூலையை மட்டுமே ஒதுக்கியிருந்தது. அவர்களோடு சேர்ந்து அமர்ந்து அவர் வேலை செய்தார். அவருடைய சமயக் கொள்கை இக்கட்டுரையின் பொருளன்று. ஒரு பணியிடம் எவ்வாறு இயங்கியது என்பதே நாம் இங்குக் காணவேண்டுவது.

அந்தச் சமையற்கூடத்துக்குச் சில நெறிகள் இருந்தன. எதையும் வீணாக்குதல் கூடாது. கீழே சிந்திய தானியத்தையும் பொறுக்கி எடுத்துச் சேர்க்க வேண்டும். காய்த்தோல் மாடுகளுக்குச் செல்லும். தமக்கு மட்டும் ஒரு பிடி அதிகமாகவோ, சிறப்பாகவோ பரிமாறினால் அவர் அதனை ஏற்பதில்லை. எல்லாருக்கும் எவ்வளவோ, அவருக்கும் அவ்வளவே. தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தமக்கெனத் தனி அளவு வைத்துக்கொள்ளாத இடத்தில், ஏனையோர் தம் தட்டையும் பிறர் தட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து மனம் புழுங்க வேண்டியதில்லை. பணியிட மதிப்பின் முதல் பாடம் அந்தப் பந்தியிலேயே தொடங்கியது.

அந்த இடத்துக்கும் குறை இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அக்கால வழக்கத்தின்படி உணவுக்கூடத்தில் ஒரு சாதியினர்க்குத் தனிப்பகுதி இருந்தது. எவ்வளவு நல்ல இடமாயினும் தன் காலத்தின் சுவரை முழுவதும் இடித்துவிடுவதில்லை. நல்லவற்றைக் கற்கும்போது அச்சுவர் எங்கே நின்றது என்பதையும் காண்பதே நேர்மையான கல்வி.

அடுப்படியில் பிறந்த நகை

வேலை கடுமையாக இருந்த அவ்விடத்தில் சிரிப்புக்குக் குறைவில்லை. மூன்று நிகழ்ச்சிகள் இதற்குச் சான்றாகும்.

இரமணர் மலைமேல் தங்கியிருந்த காலம். உடன் வாழ்ந்த தாயார் அழகம்மாள் அப்பளம் இடுவதற்கு உதவுமாறு மகனை அழைத்தார். மகன் மாவைப் பிசைவதற்கு மாறாக ஒரு பாட்டை இயற்றினார். உளுந்து, பிரண்டை, மிளகு, சீரகம், உலக்கை, நெய் என அப்பளத்துக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் அகவாழ்வின் பண்புகளோடு பொருத்தி எழுதிய அப்பாடல் ‘அப்பளப் பாட்டு’ எனப் பெயர் பெற்றது. தாயின் வேலையை இகழாமல், அந்த வேலையின் படிநிலைகளையே வாழ்வின் படிநிலைகளாகக் கண்ட நகைச்சுவை அது.

மற்றொரு நாள் ஆசிரமத்தில் விருந்து. வயிறு கொள்ளாமல் உண்டவர்கள் அயர்ந்திருந்தனர். ஒருநாள் உணவை விடச்சொன்னாலும் விடாமல், இருநாள் உணவை ஏற்கச்சொன்னாலும் ஏற்காமல் துன்புறுத்தும் வயிற்றை நொந்து ஔவையார் பாடிய பாடல் நீங்கள் அறிந்ததே. அதனை ஒருவர் நினைவுகூர்ந்தார். உடனே இரமணர், வயிறு தன்னை உடைய மனிதரை நொந்துகொள்வதுபோல் மறுபாட்டு ஒன்றைப் பாடினார். ஒரு நாழிகையேனும் ஓய்வு தராமல் தின்றுகொண்டேயிருக்கும் உன்னோடு எவ்வாறு வாழ்வேன் என்பது வயிற்றின் வாதம். குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பையும் கேட்க வேண்டும் என்னும் நீதி, சிரிப்பின் வடிவில் அங்கே வந்து நின்றது.

மூன்றாவது நிகழ்ச்சி துன்பத்தில் பிறந்தது. 1924ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் இரவு, ஆசிரமத்தில் திருடர் புகுந்தனர். உள்ளே இருந்தவர்களை அடித்தனர். இரமணரின் தொடையிலும் அடி விழுந்தது. சினமுற்ற அன்பர்கள் திருப்பித் தாக்க முற்பட்டபோது அவர் தடுத்துவிட்டார். பின்னர் அடிபட்டோர் நலம் விசாரிக்கப்பட்டபோது, தமக்கும் ‘பூசை’ கிடைத்ததாகச் சொன்னார். வழிபாட்டையும் உதையையும் ஒருசேரக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல் அது. காயம்பட்ட இடத்திலிருந்தே சிரிப்பு எழுந்தமையால் சூழ்ந்திருந்தோரின் அச்சம் தணிந்தது.

இம்மூன்று நகைச்சுவைகளிலும் ஒரு பொதுப்பண்பு உண்டு. சிரிப்பின் இலக்காக நின்றவர் சிரிக்க வைத்தவரே. உயர்ந்த இடத்தில் இருந்தவர் தம்மையே நகைப்புக்கு உரியவராக்கிக் கொண்டார். தமக்குக் கீழே பணிபுரிவோரின் குறையையோ வறுமையையோ தோற்றத்தையோ அவர் நகைப்பொருளாக்கவில்லை. பணியிடத்து நகைக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

எள்ளலின் இருமுகம்

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் நகையை முதலில் வைக்கிறது. நகை பிறக்கும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைச் சுட்டுகிறது. இவற்றுள் எள்ளலுக்கு உரையாசிரியர் பேராசிரியர் தரும் விளக்கம் இன்றைய அலுவலகங்களுக்கும் பொருந்துவது. தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதலும் என அஃது இருவகைப்படும் என்கிறார் அவர். எள்ளப்பட்டவரும் சிரிப்பார் என்னும் உண்மையை நம் முன்னோர் நுணுகிக் கண்டிருக்கின்றனர்.

இந்த இரண்டாம் வகைச் சிரிப்பை நான் நேரில் கண்டிருக்கிறேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய உடற்பருமனைக் குறித்துக் கடையின் மேற்பார்வையாளர் ஒரு பட்டப்பெயர் வைத்தார். முதல் நாள் எல்லாரும் சிரித்தனர், அவரும் சிரித்தார். நாள்தோறும் சிரித்தார். வாடிக்கையாளர் முன்னிலையிலும் அப்பெயரே நிலைத்தது. சில மாதங்களுக்குப் பின் அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். ஊதியம் குறைவோ என்று கேட்டேன். “இல்லை ஐயா, அங்கே என் பெயரை எவரும் சொல்லவில்லை” என்றார். அந்தக் கடையில் இருந்தவர்களைக் கேட்டால், எப்போதும் கலகலப்பாக இருந்த இடம் என்றே கூறியிருப்பார்கள்.

ஆகவே, சிரிப்பொலி கேட்கும் இடமெல்லாம் மகிழ்ச்சியான இடம் என்று கொள்ளுதல் தவறு. ஒரு நகைச்சுவை நல்லதா, தீயதா என்று அறிய மூன்று வினாக்களை எழுப்பலாம். நகைக்கு இலக்காவது யார்? அவர் அதே அளவில் மறுநகை நகைத்தால் அது பொறுத்துக்கொள்ளப்படுமா? அவர் சிரிக்காமல் இருந்தால் அவருக்கு இழப்பு ஏதேனும் நேருமா? மேலதிகாரியின் துணுக்குக்குச் சிரிக்காத ஊழியர், தம் விடுமுறை விண்ணப்பம் மறுக்கப்படுமோ என்று அஞ்சினால், அங்கே நிகழ்வது நகைச்சுவை அன்று. அது வேலையோடு சேர்த்து வாங்கப்படும் மற்றொரு வேலை.

பிறரோடு கலந்து மகிழ்ந்து நகைக்க இயலாதவர்க்கு இப்பேருலகம் பகலிலும் இருண்டு கிடக்கும் என்னும் கருத்துடைய குறளை, வள்ளுவர் ‘பண்புடைமை’ என்னும் அதிகாரத்தில் வைத்தார். நகைப்பதற்கும் பண்பு வேண்டும் என்பதை அந்த அதிகாரத் தலைப்பே நமக்கு உணர்த்துகிறது.

தேரும் முட்டுக்கட்டையும்

திருவண்ணாமலையின் மற்றொரு பெரும்பணியிடம் அதன் வீதி. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7ஆம் நாள், மாடவீதிகளில் ஐந்து தேர்கள் உலா வருகின்றன. பராசக்தி அம்மன் தேரைப் பெண்களும், சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்களும் இழுப்பது அங்கு வழக்கம். வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கான கைகளை நாம் காண்கிறோம். சக்கரத்தின் அருகே குனிந்து, கட்டையோடு நகரும் சிலரை நாம் காண்பதில்லை. அவர்களே முட்டுக்கட்டை இடுவோர்.

மாபெரும் மரத்தேருக்குத் திசைமாற்றும் கருவி கிடையாது. சக்கரத்தின் முன்னே எந்தப் பக்கத்தில், எந்தக் கோணத்தில், எந்த நொடியில் கட்டையை இடுவது என்று அவர்கள் எடுக்கும் முடிவே தேரைத் திருப்புகிறது, நிறுத்துகிறது. கட்டை பிழைத்தால் தேர் வீட்டுச்சுவரில் மோதும். கை பிழைத்தால் சக்கரம் ஏறும். இத்தகைய பணியிலிருந்து பிறந்த சொல்லை நாம் எவ்வாறு வழங்குகிறோம்? ‘அவன் எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று பழிச்சொல்லாக வழங்குகிறோம்.

பணியிடத்தில் “இது தவறாகப் போகிறது, சற்று நிறுத்துங்கள்” என்று சொல்லும் ஊழியரும் இவ்வாறே பழிக்கப்படுகிறார். கணக்கில் பிழை உள்ளது என்று சுட்டும் இளைய எழுத்தர், இந்த இயந்திரத்துக்குக் காப்புறை இல்லை என்று சொல்லும் தொழிலாளி, இந்த மருந்தின் அளவை மீண்டும் பார்க்கலாமே என்று கேட்கும் செவிலியர் ஆகியோர் அனைவரும் முட்டுக்கட்டை இடுவோரே. அவர்களுடைய சொல்லைக் கேட்டு நிற்கும் பணியிடமே மதிப்புள்ள பணியிடம். மதிப்பு என்பது வணக்கம் சொல்வதிலும் ‘வாங்க, போங்க’ என்று பேசுவதிலும் முடிந்துவிடுவதன்று. கடைநிலையில் இருப்பவரின் சொல் தேரைத் திருப்பும் ஆற்றல் பெற்றிருக்கிறதா என்பதே அதன் அளவுகோல்.

அமரும் உரிமை

நல்ல மனம் படைத்த தலைவர் வாய்த்தால் மட்டுமே மதிப்புக் கிடைக்கும் என்னும் நிலை போதுமானதன்று. தலைவர் மாறினாலும் மாறாதிருக்கச் சட்டம் வேண்டும். நம் மாநிலத்தில் இதற்கு ஓர் எளிய சான்று உண்டு. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணிபுரிவோர், வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் அவர்களது தொழிலோடு வந்த நோய்கள். 2018ஆம் ஆண்டு கேரளம் அவர்களுக்கு அமரும் உரிமையைச் சட்டத்தால் வழங்கியது. 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி அளிக்கப்பட வேண்டும் என்று விதித்தது.

ஓர் இருக்கைக்குச் சட்டமா என்று சிலர் வியக்கலாம். சோர்ந்த காலுக்கு அமர இடம் தரப்படாத வரையில் அவர் ‘நிற்கும் பொருள்’. இடம் தரப்பட்டபின் அவர் ‘மனிதர்’. அந்த மாற்றம்தான் சட்டத்தின் உட்பொருள்.

இதுபோன்றே, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 1997இல் உச்சநீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறைகளை வகுத்தது. 2013இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது அதன் விதி. பாலியல் சார்ந்த பேச்சும் துன்புறுத்தலே என்று அச்சட்டம் வரையறுக்கிறது. “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்னும் சாக்கு அதன்முன் நில்லாது. செய்யாறு சிப்காட் வளாகத்தில் உள்ள காலணித் தொழிற்சாலைகள் முதல் நகரத்துக் கணினி நிறுவனங்கள் வரை பெண்கள் பெருமளவில் பணிக்குச் செல்லும் இக்காலத்தில், பள்ளியை விட்டுச் செல்லும் ஒவ்வொருவரும் இவ்விதிகளை அறிந்திருத்தல் வேண்டும்.

மறுப்பும் விடையும்

இங்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, சிரிப்புக்கும் தோழமைக்கும் இடம் கொடுத்தால் ஒழுங்கு குலைந்துவிடும் என்பது. நம் வேளாண் மரபு இதனை ஏற்பதில்லை. நாற்று நடுவோர் நடவுப்பாட்டுப் பாடினர். நீர் இறைப்போர் ஏற்றப்பாட்டுப் பாடினர். கேலியும் எதிர்க்கேலியும் அப்பாடல்களில் நிறைந்திருந்தன. பாட்டின் தாளத்தில் கைகள் ஒருசேர இயங்கின. ஏற்றப்பாட்டில் இறைத்த சால்களின் எண்ணிக்கையும் கணக்காயிற்று. சிரிப்பு அங்கே வேலையைத் தடுக்கவில்லை. வேலையைச் சுமந்து சென்றது.

இரண்டாவது மறுப்பு வலிமையானது. “சிரிப்பும் மதிப்பும் வயிற்றை நிரப்புமா? குறைந்த கூலி கொடுக்கும் முதலாளிகள் ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று சொல்லித் தொழிலாளியை ஏமாற்றுவதில்லையா?” என்பது அது. இவ்வினா நேர்மையானது. இரமணாசிரமத்தில் தாமே விரும்பித் தொண்டு செய்ய வந்தவர்கள் பலர். தொழிற்சாலைக்கு வருபவர் தம் உழைப்பை விற்க வருகிறார். அங்கிருந்த அளவுகோலை அப்படியே இங்குக் கொண்டுவர இயலாது. நியாயமான கூலிக்குச் சிரிப்பு ஈடாகாது. ஆண்டுக்கொருமுறை இனிப்பும் கலைநிகழ்ச்சியும் வழங்கிவிட்டு, மிகைநேர ஊதியத்தை மறுக்கும் இடம் மதிப்புள்ள பணியிடமன்று. சமையற்கூடத்தில் சமபந்தி முதலில் வந்தது. சிரிப்பு அதன்பின் வந்தது. இந்த வரிசை மாறுதல் கூடாது என்பதே என் கருத்து.

பெருமிதத்தின் நான்கு வாயில்கள்

நகைக்கு நான்கு களன் கூறிய தொல்காப்பியம், பெருமிதத்துக்கும் நான்கு கூறுகிறது. அவை கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. ஒருவர் தம் பணியில் தன்னிறைவு பெறும் வழிகளாகவே இவற்றை நாம் கொள்ளலாம். கல்வி என்பது தொழிலை ஐயமறக் கற்றல். ஆரணியில் பட்டு நெய்பவர், இழை அறுந்த இடத்தைக் கைவிரலால் உணர்வது கல்வியே. தறுகண் என்பது அஞ்சாமை. தவறு கண்டவிடத்து முட்டுக்கட்டை இடும் துணிவு அது. இசைமை என்பது செய்த வேலைக்கு உரிய பெயர், செய்தவர்க்கே சேர்தல். கொடை என்பது தாம் கற்றதை அடுத்தவர்க்கு மறைக்காமல் தருதல்.

இந்நான்கும் வாய்த்த இடத்தில் சிரிப்பைத் தனியே வரவழைக்க வேண்டுவதில்லை. தொழில் தெரிந்தவர் தம் பிழையைக் கண்டு தாமே சிரிப்பார். அதனை ஒப்புக்கொள்வதால் தம் தகுதி குறையாது என்பதை அவர் அறிவார். அஞ்சாமல் பேச இயன்றவர், மேலாளரையும் சிரிக்க வைப்பார்.

மாணவர்களே, இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் ஏதேனும் ஒரு பணியிடத்தின் வாயிலில் முதல் நாள் நிற்பீர்கள். உங்களுள் பலர், உங்கள் குடும்பத்தில் மாத ஊதியம் பெறும் முதல் மனிதராக இருப்பீர்கள். வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தில் பட்டப்பெயரையும் பொறுத்துக்கொள்ளத் தோன்றும். சில ஆண்டுகள் சென்றபின், உங்களுக்குக் கீழே ஒருவர் வந்து சேர்வார். அப்போது பட்டப்பெயர் வைக்கவும் தோன்றும். முதல் தருணத்தில் உங்கள் பெயரை நீங்கள் காத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தருணத்தில் அவருடைய பெயரை அவருடைய பெயராலேயே அழையுங்கள். பின்பு இருவரும் சேர்ந்து எதைப் பார்த்துச் சிரித்தாலும் அந்தச் சிரிப்பு நன்றாகவே இருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள கடை ஒன்றில் பணிபுரிவோருக்கு இருக்கை வசதி உள்ளதா என்று கண்டறிந்து வகுப்பில் உரையாடுக.

2. உங்கள் வீட்டில் பணிக்குச் செல்பவரிடம், பணியிடத்தில் மனம்விட்டுச் சிரித்த நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டு, கட்டுரை கூறும் மூன்று வினாக்களின்படி அதனை ஆராய்ந்து எழுதுக.

3. ‘முட்டுக்கட்டை’ போலத் தொழிலிலிருந்து பிறந்து பேச்சுவழக்கில் வேறு பொருள் பெற்ற சொற்களைத் திரட்டி, அவற்றின் மூலப்பொருளையும் இன்றைய பொருளையும் அட்டவணைப்படுத்துக.